மூளைக்குள் ஒரு மரபணு: ஏஏடிசி குறைபாட்டு சிகிச்சையின் வரலாறு

ஏஏடிசி குறைபாடு என்பது மிக அரிதான ஒரு பிறவி மூளை நோய். டோப்பமின், செரட்டோனின் ஆகிய நரம்பு வேதிப்பொருள்களை உருவாக்கும் நொதி ஒன்று உடலில் செயல்படாமல் போவதால் இது வருகிறது. இந்நோயின் கடுமையான வகையுடன் பிறக்கும் குழந்தைக்குத் தலை நிற்பதில்லை. உட்காரவும் நடக்கவும் பேசவும் முடிவதில்லை. 2012ஆம் ஆண்டில் தைவான் மருத்துவர்கள், இந்நோயுள்ள நான்கு குழந்தைகளின் மூளைக்குள் தீங்கற்ற ஒரு வைரஸ் (தீநுண்மி) வழியாகச் சரியான மரபணுவைச் செலுத்தியதன் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் ஒரு குழந்தை, சிகிச்சை பெற்ற 16ஆவது மாதத்தில் எழுந்து நின்றது.

இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் சுமார் முப்பது ஆண்டு ஆய்வு இருக்கிறது. அதில் பெரும்பகுதி இந்தக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதன்று. முதியவர்களைத் தாக்கும் பார்க்கின்சன் நோய்க்காகச் செய்யப்பட்டது. போலந்து நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கிறிஸ்டோஃப் பாங்கியேவிச் என்ற ஆய்வாளரின் பணி இவ்வரலாற்றில் முக்கியமானது. சரியான மரபணுவைக் கண்டறிவது எளிதாக முடிந்தது. அதை மூளையின் எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில், எந்த வயதில் சேர்ப்பது என்பதுதான் கடினமான கேள்வியாக இருந்தது.

நோயின் தன்மை

நாம் உண்ணும் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம், நரம்பணுக்களில் முதலில் எல்-டோப்பா என்ற பொருளாக மாறுகிறது. பின்னர் அரோமேட்டிக் எல்-அமினோ அமில டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதை டோப்பமினாக மாற்றுகிறது. இந்த நீண்ட பெயரின் சுருக்கமே ஏஏடிசி. இதே நொதிதான் செரட்டோனின் உருவாவதற்கும் கடைசிப் படியாக உள்ளது. டோப்பமினிலிருந்து உருவாகும் நார் அட்ரினலின், அட்ரினலின் ஆகியவையும் இதைச் சார்ந்தே இருக்கின்றன. ஆக, இந்த ஒரு நொதி இல்லாவிட்டால் நான்கு வேதிப்பொருள்கள் குறைந்துபோகின்றன.

டோப்பமின் இல்லாததால் உடல் அசைவு தடைப்படுகிறது. தசைகள் தளர்ந்து, குழந்தை துவண்டு கிடக்கும். சில நாள்களுக்கு ஒருமுறை கண்கள் மேல்நோக்கிச் செருகி, உடல் விறைத்து முறுக்கிக்கொள்ளும். இந்நிலை பல மணி நேரம் நீடிக்கும். பார்ப்பதற்கு வலிப்பு போலத் தோன்றுவதால் இது வலிப்பு நோய் என்றே பல இடங்களில் தவறாகக் கருதப்படுகிறது. மற்ற வேதிப்பொருள்களின் குறைவால் தூக்கமின்மை, மிகை வியர்வை, மூக்கடைப்பு, இமை தொங்குதல், உணவு விழுங்க இயலாமை போன்றவை சேர்ந்துகொள்கின்றன. கடுமையான வகை நோயுள்ள குழந்தைகளில் பலர் பத்து வயதைத் தாண்டுவதில்லை.

இந்நோயை 1990இல் இலண்டனைச் சேர்ந்த கீத் ஹைலண்ட், பீட்டர் கிளேட்டன் ஆகியோர் இரட்டைக் குழந்தைகளிடம் கண்டு முதலில் விவரித்தனர். நொதிக்கான மரபணு ஏழாவது குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே நோய் தோன்றும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் நலமாகவே இருப்பார்கள். தம்மிடம் அப்படி ஒரு பிரதி இருப்பதே பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு கூடுவதற்கு இதுவே காரணம். தைவானில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் பரவலாக உள்ளதால் அங்கு இந்நோய் மற்ற நாடுகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது.

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எல்-டோப்பா மாத்திரை பயன் தருகிறது. ஏனெனில் டோப்பமின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, எல்-டோப்பா நுழையும், உள்ளே சென்றபின் நொதி அதை டோப்பமினாக மாற்றிவிடும். ஏஏடிசி குறைபாட்டில் அந்த நொதியே இல்லாததால், பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மாத்திரை உதவுவதில்லை. நொதிக்குத் துணைசெய்யும் பி6 வைட்டமின், டோப்பமின் போலச் செயல்படும் மருந்துகள் ஆகியவை தரப்பட்டன. கடுமையான நோயில் இவற்றால் கிடைத்த பலன் மிகக் குறைவு.

ஆனால் இந்நோயில் நம்பிக்கை தரும் ஒரு கூறும் இருந்தது. இக்குழந்தைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தால் அமைப்பு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நரம்பணுக்கள் இறந்துவிடவில்லை, அவற்றுக்கிடையேயான இணைப்புகளும் உள்ளன, வேதிப்பொருள் மட்டும்தான் இல்லை. கம்பி இழுத்து, விளக்கு மாட்டி, மின்சாரம் மட்டும் வராத வீட்டைப் போன்றது அந்த மூளை.

சுமந்து செல்லும் வைரஸ்

வைரசுகள் உயிரணுவுக்குள் தம் மரபணுக்களை நுழைக்கப் பழகியவை. அவற்றின் மரபணுக்களை எடுத்துவிட்டு, நோயாளிக்குத் தேவையான மரபணுவை வைத்து அனுப்புவதே வைரஸ் வழி மரபணு சிகிச்சையின் அடிப்படை. மூளைக்கான சிகிச்சையில் மிகுதியாகப் பயன்படுவது அடினோ-சார் வைரஸ். ஆங்கிலச் சுருக்கப்படி இது ஏஏவி எனப்படுகிறது.

1965இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ராபர்ட் அட்சிசன் குழுவினர் அடினோ வைரசை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதனுடன் கலந்திருந்த மிகச் சிறிய துகள்களைக் கண்டனர். அவை ஏறத்தாழ 25 நானோமீட்டர் அளவே கொண்டவை. அடினோ வைரஸ் போன்ற மற்றொரு வைரசின் துணையின்றித் தாமாகப் பெருக இயலாதவை. மனிதருக்கு இவற்றால் எந்த நோயும் வருவதாக அறியப்படவில்லை. ஒன்றும் செய்யாத வைரஸ் என்று ஒதுக்கப்பட்டிருந்த அது, பின்னாளில் அந்தக் காரணத்தாலேயே மதிப்புப் பெற்றது.

1982இல் ரிச்சர்ட் ஜூட் சாமுல்ஸ்கி, கென்னத் பெர்ன்ஸ், நிக்கோலஸ் முசிச்கா ஆகியோர் இரண்டாம் வகை ஏஏவியின் மரபுப்பொருளை ஆய்வகத்தில் படியெடுத்தனர். 1983இல் அதன் முழு வரிசையை அருண் ஸ்ரீவஸ்தவா, பெர்ன்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்டனர். 1984இல் பால் ஹெர்மோனட், முசிச்கா ஆகியோர் அந்த வைரசைக் கொண்டு வேறொரு மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டுசேர்க்க முடியும் எனக் காட்டினர். 1994இல் மைக்கேல் காப்ளிட், மேத்யூ டியூரிங் குழுவினர் எலியின் மூளையில் ஏஏவி வழியாகச் சேர்த்த மரபணு நீண்ட காலம் செயல்படுவதை நிறுவினர்.

நரம்பணுக்கள் பொதுவாகப் பிரிந்து பெருகுவதில்லை. பெருகும் உயிரணுவில் சேர்த்த மரபணு ஒவ்வொரு பிரிவின்போதும் கரைந்துபோகும். நரம்பணுவில் அப்படியில்லை, ஏஏவி கொண்டுவந்த மரபணு, குரோமோசோமுடன் பெரும்பாலும் சேராமல் உட்கருவில் தனியே ஒரு வளையமாக இருந்தபடி பல ஆண்டுகள் செயல்படும். ஒரே முறை செலுத்தினால் போதும் என்ற எதிர்பார்ப்பு இதனால் எழுந்தது.

ஏஏவிக்கு ஒரு வரம்பும் உண்டு. அதன் புரத உறைக்குள் ஏறத்தாழ 4,700 எழுத்துகள் நீளமுள்ள டிஎன்ஏ மட்டுமே அடங்கும். பல நோய்களின் மரபணுக்கள் இதைவிடப் பெரியவை. ஏஏடிசி நொதி 480 அமினோ அமிலங்களால் ஆனது. அதற்கான குறியீடு 1,440 எழுத்துகளே. எனவே இந்த மரபணு அவ்வுறைக்குள் எளிதாக அடங்கியது.

1999 செப்டம்பர் 17 அன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு மரபணு சிகிச்சைச் சோதனையில் பங்கேற்ற ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் உயிரிழந்தார். அவருக்கு இருந்தது கல்லீரல் சார்ந்த நோய். பயன்படுத்தப்பட்டது அடினோ வைரஸ். அவரது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அந்த வைரசுக்குக் கடுமையாக எதிர்வினை காட்டியது. இதற்குப் பின் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைச் சோதனைகள் மீதான கண்காணிப்பு இறுகியது. குறைந்த எதிர்வினையைத் தூண்டும் ஏஏவியின் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் மேலும் திரும்பியது.

பார்க்கின்சன் நோயில் தொடங்கிய பாதை

பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில் உள்ள நரம்பணுக்கள் படிப்படியாக இறக்கின்றன. இவை தம் நீண்ட இழைகள் வழியாகப் புட்டமென் என்ற பகுதிக்கு டோப்பமினை அனுப்புபவை. தொடக்கத்தில் எல்-டோப்பா நன்றாகப் பலனளிக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அதை டோப்பமினாக மாற்றும் நொதியைக் கொண்ட இழைகளே குறைந்துவிடுவதால் மருந்தின் பலன் சீரற்றதாகிவிடுகிறது.

1980களில் பாங்கியேவிச் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் இந்நோயை ஆராய்ந்தார். அதற்குச் சற்று முன்னர், கலிபோர்னியாவில் போலிப் போதைப்பொருளை ஊசி வழி ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரெனப் பார்க்கின்சன் நோயாளிகளைப்போல உறைந்துபோயினர். அப்பொருளில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நச்சுதான் காரணம் என்று வில்லியம் லாங்ஸ்டன் 1983இல் அறிவித்தார். இந்நச்சைக் குரங்கின் ஒரு பக்கக் கழுத்துத் தமனியில் செலுத்தி, உடலின் ஒரு பாதியில் மட்டும் நோயை உண்டாக்கும் முறையைப் பாங்கியேவிச் குழுவினர் 1986இல் விவரித்தனர். மறுபாதி நலமாக இருந்ததால் விலங்கு உண்டு உயிர்வாழ முடிந்தது. ஒரே விலங்கின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுச் சிகிச்சையின் பலனையும் அளக்க முடிந்தது.

இந்த விலங்குகளில் பாங்கியேவிச் சோதித்த கருத்து எளிமையானது. இறந்த நரம்பணுக்களை மீட்க முடியாது. ஆனால் புட்டமெனில் உயிருடன் உள்ள வேறு நரம்பணுக்களுக்கு ஏஏடிசி மரபணுவைக் கொடுத்தால், அவை எல்-டோப்பா மாத்திரையை டோப்பமினாக மாற்றிக்கொடுக்கும். மாத்திரையின் அளவைக் கூட்டியோ குறைத்தோ டோப்பமின் அளவையும் கட்டுப்படுத்தலாம். இதன் முதல் முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. சிகிச்சை பெற்ற குரங்குகளில் எட்டு ஆண்டுகள் வரை பலன் நீடித்ததை அவரது குழு 2010இல் வெளியிட்டது. ஏஏடிசி நொதி செயல்படும் இடங்களில் சேரும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, பெட் ஸ்கேன் மூலம் புதிய மரபணு வேலை செய்வதை மூளையைத் திறக்காமலேயே பார்க்க முடிந்தது.

பரப்புவதில் இருந்த சிக்கல்

ஊசி வழியாக மூளைத் திசுவில் செலுத்தும் திரவம் தானாக வெகுதூரம் பரவாது. இயல்பான பரவலை மட்டும் நம்பினால் பெரிய மூலக்கூறுகள் ஊசி முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவே செல்லும். எலியின் மூளை சிறியது. அங்கே அது போதுமானது. மனித மூளையில் அதே முறை, வயலின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றியது போலாகும்.

இதற்குத் தீர்வாக 1990களின் முதல் பாதியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் அழுத்தவழிப் பரப்பல் என்ற முறை உருவாக்கப்பட்டது. நுண்குழாய் வழியாகத் திரவத்தை மிக மெதுவாகவும் இடைவிடாமலும் செலுத்தினால், உண்டாகும் சிறு அழுத்தம் நரம்பணுக்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் திரவத்தை நகர்த்திக்கொண்டே செல்லும். இம்முறையை வைரசுக்கு ஏற்றதாக மாற்றுவதில் பாங்கியேவிச் பல ஆண்டுகள் செலவிட்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் அவரது ஆய்வகம் இதற்கான மையமாக விளங்கியது.

முதல் சிக்கல், திரவம் நுண்குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மேல்நோக்கித் திரும்பி வழிவது. குழாயின் முனையைப் படிபோல மெலிந்துகொண்டே செல்லும்படி அமைத்தபோது இந்த வழிவு கட்டுப்பட்டது. இரண்டாவது சிக்கல், திரவம் எங்கே செல்கிறது என்பது தெரியாமலே செலுத்துவது. எம்ஆர்ஐ படத்தில் ஒளிரும் கடோலினியம் சேர்மத்தை வைரசுடன் கலந்து, நோயாளியை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்தபடியே செலுத்தும் முறை இதற்குத் தீர்வாயிற்று. திரவம் பரவுவதை மருத்துவர் அப்போதே பார்க்கலாம். தவறான இடத்துக்குச் சென்றால் நிறுத்தலாம். குழாயைச் சற்று நகர்த்தலாம்.

ஏமாற்றங்களும் பாடங்களும்

2000களில் மூளைக்கான ஏஏவி சிகிச்சைகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டன. 2001இல் கானவன் நோய் என்ற குழந்தைகளின் வெண்பொருள் சிதைவு நோய்க்குப் பாவோலா லியோன் குழுவினர் சோதனையைத் தொடங்கினர். 2003 ஆகஸ்டில் நியூயார்க்கில் காப்ளிட், டியூரிங் ஆகியோர் பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு முதன்முறையாக ஏஏவி செலுத்தினர். பாங்கியேவிச் முன்வைத்த ஏஏடிசி சிகிச்சையும் சான் பிரான்சிஸ்கோவில் பத்து பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது.

பாதுகாப்பில் பெரிய குறை தென்படவில்லை. பலன்தான் எதிர்பார்த்த அளவு இல்லை. நரம்பணுக்களைக் காக்கும் நியூர்டுரின் என்ற புரதத்தின் மரபணுவைப் பயன்படுத்திய மற்றொரு சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. அதில் பங்கேற்ற 58 பேரில் ஒரு பகுதியினருக்கு மருந்து செலுத்தாமல் அறுவை சிகிச்சை போன்ற நடைமுறை மட்டுமே செய்யப்பட்டது. முதன்மை அளவீட்டில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை.

தோல்விக்குக் கருத்து மட்டும் காரணமா, அல்லது மருந்து போதிய பரப்பை அடையவில்லையா என்ற கேள்வி எழுந்தது. சான் பிரான்சிஸ்கோவின் முதல் சோதனையில் ஒவ்வொரு பக்கப் புட்டமெனுக்கும் 0.1 மில்லிலிட்டர் அளவே செலுத்தப்பட்டிருந்தது. பின்னர் 15 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் இது ஒரு பக்கத்துக்கு 0.9 மில்லிலிட்டர் வரை உயர்த்தப்பட்டது. 2019இல் வெளியான அதன் முடிவுகளின்படி மூன்று குழுக்களிலும் புட்டமெனில் முறையே 21%, 34%, 42% பரப்பை மருந்து அடைந்தது. நேரடிப் படக்காட்சியின் துணையுடன் செய்தும் பாதிப் பரப்பைக்கூட எட்டவில்லை என்பதிலிருந்து, அதற்கு முந்தைய சோதனைகளின் நிலையை ஊகிக்கலாம்.

அடுத்த கட்டச் சோதனை 2020 இறுதியில், சில நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களில் மாற்றங்கள் தெரிந்ததால் நிறுத்தி வைக்கப்பட்டது. பார்க்கின்சன் நோய்க்கு ஏஏடிசி மரபணு சிகிச்சை இன்றுவரை ஒப்புதல் பெறவில்லை.

தைவானின் நான்கு குழந்தைகள்

பார்க்கின்சன் சோதனைகளால் ஒன்று உறுதியாகியிருந்தது: ஏஏடிசி மரபணுவைச் சுமந்த ஏஏவியை மனித மூளைக்குள் செலுத்துவது தாங்கக்கூடியதே. தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் மரபியல் மருத்துவர் ஊ-லியாங் ஹூ, யின்-சியூ சியென் ஆகியோர் இதே மருந்தை ஏஏடிசி குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பயன்படுத்த முன்வந்தனர். ஜப்பானில் பார்க்கின்சன் நோய்க்கு இம்முறையைச் சோதித்த ஷின்-இச்சி முராமட்சுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் உடன் பணியாற்றினர்.

நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள நான்கு குழந்தைகள் சிகிச்சை பெற்றனர். இரு பக்கப் புட்டமென்களிலும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் 16,000 கோடி வைரஸ் துகள்கள் செலுத்தப்பட்டன. முதல் சில மாதங்களில் அவர்களுக்குக் கைகால்களில் கட்டுப்பாடற்ற அசைவுகள் தோன்றின. அதுவரை டோப்பமினையே அறியாத மூளை அதற்குப் பழகும் காலம் அது எனக் கருதப்படுகிறது. சில மாதங்களில் அந்த அசைவுகள் அடங்கின. நால்வரும் உடல் எடை கூடினர். மூவர் 6 முதல் 15 மாதங்களுக்குள் பிடிமானத்துடன் உட்கார்ந்தனர். ஒருவர் 16ஆவது மாதத்தில் நின்றார்.

பின்னர் நடந்த சோதனையில் மேலும் பத்துக் குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஓராண்டுக்குப் பின் இன்ஃபுளுவென்சா பி காய்ச்சலால் வந்த மூளை அழற்சியால் இறந்தார். அது சிகிச்சையால் நேர்ந்ததன்று எனக் கண்டறியப்பட்டது. மற்றவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. வயதில் இளைய குழந்தைகள் கூடுதலாகப் பலனடைந்தனர். ஜப்பானில் முராமட்சு குழுவினர் ஆறு பேருக்குச் சிகிச்சையளித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர்.

பார்க்கின்சன் நோயில் தடுமாறிய அதே வைரஸ், அதே மரபணு இங்கு ஏன் பலன் தந்தது? பார்க்கின்சன் நோயில் நரம்பணுக்கள் தொடர்ந்து இறந்துகொண்டே இருக்கின்றன. மரபணுவைச் சேர்ப்பதால் அந்த இறப்பு நிற்பதில்லை. ஏஏடிசி குறைபாட்டிலோ நரம்பணுக்கள் உயிருடன் உள்ளன; எல்-டோப்பாவும் அவற்றில் உருவாகிறது. விடுபட்ட ஒரே படியை நிரப்பினால் போதும். மேலும் குழந்தையின் மூளை வளரும் நிலையில் இருக்கிறது.

புட்டமெனா, நடுமூளையா?

பாங்கியேவிச் இந்நோயை வேறொரு கோணத்தில் அணுகினார். பார்க்கின்சன் நோயில் புட்டமெனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நடுமூளை நரம்பணுக்கள் இறந்துவிட்டதே. ஏஏடிசி குறைபாட்டில் அவை இறக்கவில்லை. அப்படியிருக்க, இயற்கையாக அந்த நொதி இருக்க வேண்டிய நடுமூளைக்கே மரபணுவைக் கொடுப்பதுதான் முறை என்பது அவர் வாதம். அங்குள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும், அதை அடுத்த வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியிலும் மரபணுவைச் சேர்த்தால், அந்த நரம்பணுக்களின் இழைகள் வழியாகப் புட்டமெனுக்கும் மூளையின் வேறு பல பகுதிகளுக்கும் டோப்பமின் செல்லும். அசைவுடன், மனநிலை, தூக்கம், ஊக்கம் ஆகியவற்றுக்கான பாதைகளும் உயிர்பெறும்.

நடுமூளை சிறியது, உயிர்காக்கும் பகுதிகளுக்கு மிக அருகில் உள்ளது. நேரடி எம்ஆர்ஐ காட்சியுடன் செலுத்தும் முறை கைவசம் இருந்ததால்தான் இதற்குத் துணிய முடிந்தது. நான்கு முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட ஏழு குழந்தைகளிடம் நடந்த இச்சோதனையின் முடிவுகள் 2021இல் வெளியாயின. ஏழு பேரில் ஆறு பேருக்கு, கண் செருகி உடல் முறுக்கும் நிலை மூன்று மாதங்களுக்குள் முற்றிலும் நின்றது. ஓராண்டு முடிவில் ஆறு பேருக்குத் தலை நின்றது. நான்கு பேர் பிடிமானமின்றி உட்கார்ந்தனர். பதினெட்டாவது மாதத்தில் இருவர், இரு கைகளையும் பிடித்துக்கொள்ள நடந்தனர். ஒரு குழந்தை ஏழாவது மாதத்தில் எதிர்பாராமல் இறந்தது. அடிப்படை நோயே காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

இந்தக் குழந்தைகளைப் பராமரிக்கும் பெற்றோருக்கு நடப்பதைவிட முதலில் தேவைப்பட்டது, பல மணி நேரம் நீடிக்கும் அந்த வேதனை நிற்பதும், குழந்தை இரவில் தூங்குவதுமே. அளவுகோலில் சிறிதாகத் தெரியும் மாற்றம் ஒரு வீட்டின் அன்றாட வாழ்வையே மாற்றக்கூடியது. பின்னர் பாங்கியேவிச் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கும் போலந்தின் வார்சா நகரிலும் இம்முறையில் சிகிச்சை தொடரத் துணைநின்றார்.

ஒப்புதல்

தைவான் சோதனைகளை அடிப்படையாகக் கொண்ட, புட்டமெனுக்குள் செலுத்தும் மருந்துக்கு எலடோகஜீன் எக்சுபார்வோவெக் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையில் ‘அப்ஸ்டாசா’ என்ற வணிகப் பெயரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. மூளைத் திசுவுக்குள் நேரடியாகச் செலுத்துவதற்கு ஒப்புதல் பெற்ற முதல் மரபணு சிகிச்சை இதுவே. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 நவம்பர் 13 அன்று ‘கெபிலிடி’ என்ற பெயரில் இதற்கு விரைவு ஒப்புதல் வழங்கியது. அதற்கு அடிப்படையான சோதனையில் 48 வாரங்களுக்குப் பின் மதிப்பிடப்பட்ட 12 குழந்தைகளில் 8 பேர் உடல் அசைவில் புதிய ஒரு படியை எட்டியிருந்தனர்.

முழுச் சிகிச்சைக்கும் தேவையான மருந்து 0.32 மில்லிலிட்டர்தான். அது ஒரு தேக்கரண்டியில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் 18,000 கோடி வைரஸ் துகள்கள் உள்ளன. ஒவ்வொரு புட்டமெனிலும் இரண்டு என மொத்தம் நான்கு இடங்களில், நிமிடத்துக்கு 0.003 மில்லிலிட்டர் வேகத்தில் இது செலுத்தப்படுகிறது. ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 27 நிமிடங்கள் ஆகும்.

மற்ற வழிகள்

மண்டையில் துளையிடாமல் மருந்தை மூளைக்கு அனுப்ப முடியுமா என்ற தேடலும் இணையாக நடந்தது. 2009இல் பிரையன் காஸ்பர் குழுவினர் ஒன்பதாம் வகை ஏஏவியை இளம் எலிக்குட்டிகளின் இரத்தத்தில் செலுத்தியபோது, அது இரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து நரம்பணுக்களை அடைவதைக் கண்டனர். இதன் பயனாக, முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய்க்கான ‘சோல்ஜென்ஸ்மா’ 2019 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

2016இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பெஞ்சமின் டெவர்மன், விவியானா கிராடினாரு குழுவினர், இன்னும் பல மடங்கு திறனுடன் மூளைக்குள் நுழையும் புதிய ஏஏவி உறையை உருவாக்கினர். ஆனால் அது சில வகை எலிகளில் மட்டுமே வேலை செய்தது. வேறு வகை எலிகளிலும் குரங்குகளிலும் வேலை செய்யவில்லை. அந்த எலிகளின் இரத்தக்குழாய்ச் சுவரில் இருந்த ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டே அது உள்ளே நுழைந்தது என 2019இல் தெரியவந்தது. அந்தப் புரதம் மனிதரிடம் இல்லை. மனிதரிடம் உள்ள புரதங்களைப் பற்றி நுழையும் உறைகளைத் தேடும் பணி இப்போது நடக்கிறது.

நேரடியாகச் செலுத்தும் முறையும் தொடர்கிறது. நரம்பணுக்களைக் காக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தின் மரபணுவைப் பார்க்கின்சன் நோயாளிகளின் புட்டமெனில் சேர்க்கும் சோதனை பாங்கியேவிச்சின் ஆய்வுகளிலிருந்து உருவானது. ஹண்டிங்டன் நோய்க்கும் ஏஏவியை மூளையின் ஆழ்பகுதியில் செலுத்தும் சோதனைகள் நடைபெற்றுள்ளன.

எஞ்சியுள்ள சவால்கள்

ஒருமுறை ஏஏவி பெற்றவரின் உடலில் அதற்கெதிரான நோயெதிர்ப்புப் பொருள்கள் உருவாகிவிடுவதால், அதே சிகிச்சையை மீண்டும் தருவது கடினம். மரபணு எத்தனை ஆண்டுகள் செயல்படும் என்பது, இன்று சிகிச்சை பெற்ற குழந்தைகள் பெரியவர்களாகும்போதுதான் முழுமையாகத் தெரியும். விலை மற்றொரு தடை. சோல்ஜென்ஸ்மா அறிமுகமானபோது ஒரு நோயாளிக்கு 21 இலட்சத்து 25 ஆயிரம் அமெரிக்க டாலர் விலை வைக்கப்பட்டது. சில நூறு நோயாளிகளே அறியப்பட்ட நோய்க்கான மருந்தின் செலவை யார் ஏற்பது என்பதற்கு, பொது மருத்துவக் காப்பீடு வலுவாக உள்ள நாடுகளிலும் எளிய விடை இல்லை.

எல்லாவற்றிலும் உடனடியானது, நோயை நேரத்தில் கண்டறிவது. சிகிச்சை எவ்வளவு இளம் வயதில் கிடைக்கிறதோ, அவ்வளவு பலன் கிடைக்கிறது. ஆனால் பல குழந்தைகளுக்கு வலிப்பு என்றோ மூளை முடக்குவாதம் என்றோ பெயரிடப்பட்டு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. நொதி இல்லாதபோது எல்-டோப்பா தேங்கி, 3-ஓ-மெத்தில்டோப்பா என்ற பொருளாக இரத்தத்தில் சேர்கிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் இதை அளந்துவிடலாம். தைவானில் 2013 முதல் 2015 வரை சுமார் 1,28,000 குழந்தைகளை இவ்வாறு பரிசோதித்ததில் நான்கு பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அதாவது அங்கு ஏறத்தாழ 32,000 பிறப்புகளுக்கு ஒருவர். பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் இல்லாத இந்தியா போன்ற நாடுகளில், இத்தகைய குழந்தைகள் பெயரிடப்படாத நோயுடனே வாழ்ந்து மறைய நேரிடும்.

ஒன்றும் செய்யாத வைரஸ் என்று ஒதுக்கப்பட்ட ஒரு துகள், போலிப் போதைப்பொருளில் இருந்த நச்சு, எதிர்பார்த்த பலன் தராத பார்க்கின்சன் சோதனைகள், படிபோல மெலிந்த ஒரு நுண்குழாய் ஆகியவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக ஆராயப்பட்டவை. அவை ஒன்றுசேர்ந்த இடத்தில் மூளை நோய்களுக்கான மரபணு சிகிச்சை கைகூடியது. சிகிச்சை இருக்கும் இந்நோய்க்கு இன்று முதல் தேவை, ஒரு துளி இரத்தத்தை உரிய நேரத்தில் சோதிப்பதே.